நிற்க முடியாதவர் தேர்தலில் நிற்கக் கூடாதா?

“நிக்கவே முடியாதவரு எலெக்‌ஷன்ல எப்படிம்மா நிப்பாரு?”

உத்தமபாளையத்தில் ஒரு டீக்கடையில் காதில் விழுந்த கேள்வி இது. கேட்டவர் ஒரு கட்சியின் கரைவேட்டிக்காரர். பக்கத்தில் இருந்த மூன்று பேர் சிரித்தார்கள். எனக்கும் ஒரு நொடி சிரிப்பு வந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ‘தேர்தலில் நிற்பது’ என்று தமிழில் தினமும் எழுதுகிறேன். அந்த வார்த்தைக்குள் இப்படி ஒரு முள் இருக்கிறது என்று அதுவரை தோன்றியதே இல்லை.

யாரைப் பற்றிக் கேட்டாரோ, அவர் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் தன் ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தார். பின்னால் இரண்டு சக்கரம் கூடுதலாகப் பொருத்திய ஸ்கூட்டர். சின்ன வயதில் போலியோ வந்து இரண்டு காலும் போயிற்று. இருபது வருஷத்துக்கு மேலாக இந்தப் பள்ளத்தாக்கில் மாற்றுத்திறனாளிகளுக்காக மனு எழுதுகிறார். அடையாள அட்டை, உதவித்தொகை, ரேஷன் கார்டு, பஸ் பாஸ், வங்கிக் கடன், திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டம் என்று எதற்குப் போனாலும் முதலில் அவரிடம்தான் வருவார்கள். அரசாணையைத் தேதியோடு சொல்வார். எந்த மேஜையில் ஃபைல் தூங்குகிறது என்பதும் தெரியும்.

பெயர் போடட்டுமா என்று கேட்டேன். “வேணாம்மா. சீட்டு கேக்குறதுக்காகத்தான் பேட்டி கொடுத்தான்னு சொல்லுவாங்க.”

சீட் கேட்கத்தான் போகிறார். விருப்ப மனு வாங்கப் போன இடத்தில் கட்சி ஆபீஸ் மாடியில் இருந்தது. கீழே ஸ்கூட்டரில் இருந்தபடியே போன் செய்திருக்கிறார். ஒரு நிர்வாகி இறங்கி வந்து, தோளில் கை போட்டு, “உங்களுக்கு எதுக்குண்ணே இந்தக் கஷ்டம்?” என்று அன்பாகக் கேட்டாராம். அவமானப்படுத்தியிருந்தால்கூடச் சண்டை போட்டிருக்கலாம். அன்பாகக் கேட்டால் என்ன செய்வது?

அந்த டீக்கடைக் கேள்விக்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் உறைத்தது. நிற்க முடியாதவர் நிற்கலாமா என்று இந்தியாவில் எந்த ஊர்க்காரர் வேண்டுமானாலும் கேட்கட்டும். தேனி மாவட்டத்துக்காரர் கேட்கவே கூடாது.

ஆண்டிபட்டிக்கு வராத வேட்பாளர்

தேனி மாவட்டத்தில் நான்கே சட்டமன்றத் தொகுதிகள். ஆண்டிபட்டி, பெரியகுளம், போடிநாயக்கனூர், கம்பம். நான்குதான் என்றாலும் எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, ஓ.பன்னீர்செல்வம் என மூன்று முதல்வர்கள் இங்கே ஜெயித்தவர்கள். அதில் எம்.ஜி.ஆர். ஜெயித்த கதையை என் வயதுக்காரர்கள் பலர் சரியாகக் கேட்டிருக்க மாட்டார்கள்.

1984 அக்டோபரில் எம்.ஜி.ஆர். உடல்நலம் குன்றி சென்னை அப்போலோவில் சேர்க்கப்பட்டார். சிறுநீரகம் பழுது, கூடவே பக்கவாதம். நவம்பரில் தனி விமானத்தில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். நியூயார்க் புரூக்ளினில் ஆஸ்பத்திரி. இதற்கிடையே இந்திரா காந்தி கொல்லப்பட்டார். நாடாளுமன்றத் தேர்தலோடு தமிழகச் சட்டமன்றத்துக்கும் சேர்த்து டிசம்பரில் தேர்தல் வந்தது. எம்.ஜி.ஆர். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே ஆண்டிபட்டிக்கு வேட்புமனு கொடுத்தார். அப்போது ஆண்டிபட்டி மதுரை மாவட்டத்தில் இருந்தது. தேனி மாவட்டம் பிரிந்ததெல்லாம் அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் கழித்துத்தான்.

பிரசாரத்துக்கு வேட்பாளர் ஒரு நாள்கூட வரவில்லை. வர முடியாது. பேச்சும் சரியாக வரவில்லை. அவர் ஆஸ்பத்திரியில் சாப்பிடுவதையும் ஆட்களைப் பார்ப்பதையும் படம் பிடித்து வீடியோவாக ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். 1985 பிப்ரவரியில் திரும்பி வந்து மூன்றாவது முறையாக முதல்வர் ஆனார். 1987 டிசம்பர் 24-ம் தேதி இறக்கும்வரை அவர் பேசுவது பலருக்குப் புரியாது. பக்கத்தில் இருப்பவர்கள் எடுத்துச் சொல்வார்கள். இன்றைய சட்டத்தின் மொழியில் சொன்னால், பேச்சுக் குறைபாடு உள்ள ஒரு மாற்றுத்திறனாளி கிட்டத்தட்ட மூன்று வருஷம் தமிழ்நாட்டை ஆண்டார்.

அந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்டவர் என் அம்மாச்சி. ஆண்டிபட்டிப் பக்கத்துக் கிராமம். “நேர்ல வராத ஆளுக்கு எப்படி ஓட்டுப் போட்டீங்க?” என்று கேட்டால், இப்போதும் என்னை ஒரு மாதிரி பார்ப்பார். “மலைக்கோயில் சாமி கீழ எறங்கியா வருது? நாமதான போறோம்.”

நாற்பது வருஷத்துக்கு முந்தைய அந்தத் தேர்தலில் ‘நடக்க முடியாதவர் எப்படித் தொகுதியைச் சுற்றுவார், பேச முடியாதவர் எப்படிச் சட்டசபையில் பேசுவார்’ என்ற கேள்வி எதிர்க்கட்சி மேடைகளில் வராமல் இல்லை. ஜனங்கள்தான் அதைக் காதில் வாங்கவில்லை.

இன்னும் பின்னால் போனால் 1967 இருக்கிறது. ஜனவரி 12-ல் எம்.ஆர்.ராதா சுட்ட குண்டு எம்.ஜி.ஆரின் தொண்டையைப் பதம் பார்த்தது. கழுத்தில் கட்டோடு இருக்கும் படம் போஸ்டராக ஒட்டப்பட்டது. ஆஸ்பத்திரியில் இருந்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் ஜெயித்தார். அவர் குரல் அதற்குப் பிறகு பழையபடி ஆகவே இல்லை. அந்த உடைந்த குரலோடுதான் அதற்கடுத்த இருபது வருஷ அரசியலும் சினிமாவும்.

சக்கர நாற்காலிக்கு இடம் கேட்டவர்

எம்.ஜி.ஆர். கதை சினிமா மயக்கம் என்று யாராவது சொல்லலாம். சரி, கருணாநிதிக்கு வருவோம்.

2009-ல் முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகு சக்கர நாற்காலிதான். அந்த நாற்காலியில் இருந்தபடியே முதல்வராக ஆட்சி நடத்தினார். 2011-லும் 2016-லும் வேனில் ஊர் ஊராகப் பிரசாரம் போனார். இரண்டு முறையும் திருவாரூரில் ஜெயித்தார். ‘ஊனமுற்றோர்’ என்று அரசு ஃபைல்களில் இருந்த சொல்லை ‘மாற்றுத்திறனாளி’ என்று மாற்றியதும், அதற்கெனத் தனித் துறை அமைத்துத் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டதும் அவர்தான்.

அப்படிப்பட்டவருக்குச் சட்டசபையில் என்ன ஆனது தெரியுமா? சக்கர நாற்காலி உள்ளே வந்து திரும்ப வசதியாக ஓர் இருக்கை ஒதுக்கிக் கொடுங்கள் என்று தி.மு.க. கேட்டுக்கொண்டே இருந்தது. கேட்டபடி கிடைக்கவில்லை என்பது கட்சியின் புகார். வந்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சபைக்குள் உட்காராமல் திரும்பிய நாள்கள் உண்டு. அது ஆளுங்கட்சியின் பழிவாங்கலா, கட்டடத்தின் கோளாறா என்று அப்போது இரண்டு பக்கமும் பேசினார்கள். எனக்கு அந்த விவாதத்தில் ஆர்வம் இல்லை. ஐந்து முறை முதல்வராக இருந்தவருக்கே சக்கர நாற்காலி போகும் அகலத்துக்கு ஓர் இடம் பிரச்னை ஆகிறது என்றால், முதல்முறை ஜெயித்துப் போகிற ஒருவர் யாரிடம் போய்க் கேட்பார்? என் கேள்வி அதுதான்.

தமிழ்நாட்டுக்கு வெளியே பார்த்தால் பட்டியல் கொஞ்சம் நீளும். ஜெய்பால் ரெட்டிக்குச் சின்ன வயதிலேயே போலியோ. ஊன்றுகோலோடுதான் நடப்பார். 1969-ல் ஆந்திராவின் கல்வகுர்த்தித் தொகுதியில் எம்.எல்.ஏ. ஆகி, பிறகு மத்திய அமைச்சர் வரை போனார். கண் பார்வை இல்லாத வழக்கறிஞர் சாதன் குப்தா 1953-லேயே கல்கத்தாவில் இடைத்தேர்தலில் ஜெயித்து மக்களவைக்குப் போனார். பிறகு மேற்கு வங்கத்தின் அட்வகேட் ஜெனரலாகவும் இருந்தார். மத்தியப் பிரதேசத்தின் யமுனா பிரசாத் சாஸ்திரி, கோவா விடுதலைப் போராட்டத்தில் போர்ச்சுகீசியப் போலீஸ் அடித்த அடியில் கண்ணை இழந்தவர். 1977-ல் ரேவா தொகுதியில் அந்த ஊர் மகாராஜாவையே தோற்கடித்தார். மகாராஜாவுக்கு எதிராகப் பார்வையில்லாத ஒரு சோஷலிஸ்ட்! இதை ஏன் யாரும் சினிமா எடுக்கவில்லை என்று தெரியவில்லை.

பக்கத்து நாடான இலங்கையில் 2024 நவம்பரில் சுகத் வசந்த டி சில்வா தேசியப் பட்டியல் மூலம் நாடாளுமன்றத்துக்குப் போனார். பார்வையற்றவர்களின் உரிமைக்காக வேலை செய்துகொண்டிருந்தவர். அந்த நாட்டு நாடாளுமன்றத்துக்குள் போன பார்வையற்ற முதல் உறுப்பினர் அவர்தான்.

இந்தப் பட்டியலை எங்கள் அண்ணனிடம் போனில் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு ஒன்று சொன்னார். நான் யோசிக்காதது.

“எம்.ஜி.ஆர்., கலைஞர் எல்லாம் தலைவராகி அப்புறம் முடியாமப்போனவங்க. நாங்க முடியாமப்போனதால தலைவரா ஆனவங்க. ரெண்டும் ஒண்ணாம்மா?”

ஒன்றில்லை. பெரிய தலைவருக்கு உடம்பு முடியவில்லை என்றால் அது அனுதாபம், அலை, போஸ்டர். மனு எழுதுகிறவர் ‘எனக்கு சீட் கொடுங்கள்’ என்றால் ‘உங்களுக்கு எதுக்குண்ணே கஷ்டம்?’. இரண்டு இடத்திலும் உடம்பு அதே மாதிரிதான் இருக்கிறது.

ஓட்டுப் போடும் பக்கம் மட்டும் சாய்தளம்

ஒரு விஷயத்தைப் பாராட்டத்தான் வேண்டும். கடந்த இருபது வருஷத்தில் மாற்றுத்திறனாளி வாக்காளருக்காக இந்தியத் தேர்தல் நிர்வாகம் நிறைய செய்திருக்கிறது. அதுவும் சும்மா வந்துவிடவில்லை. 2004 மக்களவைத் தேர்தல் நடந்துகொண்டிருந்தபோது, டெல்லியில் ஜாவேத் அபிடி தலைமையிலான உரிமைக் குழு வாக்குச்சாவடிகளில் சாய்தளம் வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் வரை போனது. கோர்ட் உத்தரவால் பல நகரங்களில் அவசர அவசரமாக மரப்பலகைச் சாய்தளங்கள் போடப்பட்டன. பிறகு ஓட்டு இயந்திரத்தில் பிரெய்லி எண்கள் வந்தன. பார்வையற்றவர் துணைக்கு ஆள் கூட்டிப்போகலாம். நாற்பது சதவிகிதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்கள் 12டி படிவம் கொடுத்தால் வீட்டுக்கே வந்து தபால் ஓட்டு வாங்குகிறார்கள். 2021 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டிலும் இது நடந்தது.

எங்கள் மாவட்டத்தில் இதைவிட ஒரு காட்சி உண்டு. போடி, பெரியகுளம் பக்கத்து மலைக் கிராமங்களில் ரோடு இல்லாத ஊர்களுக்குக் குதிரை முதுகில் ஓட்டு இயந்திரம் ஏறிப் போகும். தேர்தல் தோறும் அந்தப் போட்டோ எங்கள் டெஸ்கில் நிச்சயம் ஓடும், ‘ஷேர்’ அள்ளும். விரல்விட்டு எண்ணுகிற வாக்காளர்களுக்காக இவ்வளவு மெனக்கெடுகிற நிர்வாகம் இது. நியாயமாகவே பெருமைப்படலாம்.

இது எல்லாமே ஓட்டுப் போடுகிறவருக்கு. ஓட்டுக் கேட்கிறவருக்கு என்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை.

சட்டப்படி தடை கிடையாது. இருபத்தைந்து வயது ஆகியிருக்க வேண்டும், வாக்காளராக இருக்க வேண்டும். மனநிலை சரியில்லை என்று தகுதியுள்ள நீதிமன்றம் அறிவித்திருந்தால் மட்டும் தடை. மற்றபடி கண், காது, கால் எதையும் அரசமைப்புச் சட்டம் கேட்கவில்லை. இதைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. உள்ளாட்சிச் சட்டங்கள் இவ்வளவு பெருந்தன்மையாக இருந்ததில்லை. ஒடிசாவில் நகராட்சிக்குத் தேர்வான ஒருவர், தொழுநோயாளி என்ற காரணத்தால் பதவி இழந்தார். அந்தச் சட்டப்பிரிவு செல்லும் என்று 2008-ல் சுப்ரீம் கோர்ட்டே சொன்னது.

தடை இல்லை, சரி. நிற்பதற்கு என்ன ஆகும்? டெபாசிட் 10,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடியினருக்குப் பாதி. மாற்றுத்திறனாளிக்குச் சலுகை எதுவும் இல்லை. செல்லும் ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் பணம் திரும்பும். ஒரு வேட்பாளர் அதிகபட்சம் 40 லட்சம் ரூபாய் செலவு செய்யலாம். நம் ஊரில் அந்த 40 லட்சத்தைப் பற்றிப் பேசினால் சிரிப்பார்கள், அதை விடுங்கள். நேர்மையாகக் கணக்கு எழுதும் ஒரு மாற்றுத்திறனாளி வேட்பாளரை நினைத்துப் பாருங்கள். மற்ற வேட்பாளர் நடந்து போகும் சந்துக்கு இவருக்கு வண்டி வேண்டும், தூக்கி இறக்க இரண்டு பேர் வேண்டும். காது கேளாதவர் என்றால் சைகைமொழி பெயர்ப்பாளர் வேண்டும், அதுவும் காலை ஆறு மணிக்குத் தொடங்கி ராத்திரி பத்து மணி வரை. மற்றவருக்கு இல்லாத செலவு இது. பிரிட்டனில் 2019-ல் கொண்டுவந்த ஓர் ஆணையில், இந்த மாதிரிச் செலவுகளைத் தேர்தல் செலவு வரம்பில் சேர்க்க வேண்டியதில்லை என்று எழுதிவிட்டார்கள். நம் ஊரில் அப்படி ஒரு வரி இல்லை.

இன்னொன்று. வேட்பாளர் கொடுக்கும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் சொத்து, கடன், வழக்கு, படிப்பு என்று எல்லாம் கேட்கிறார்கள். குறைபாடு உண்டா என்று ஒரு கட்டம் இல்லை. அதனால் எத்தனை மாற்றுத்திறனாளிகள் நின்றார்கள், எத்தனை பேர் ஜெயித்தார்கள் என்று அந்தப் பத்திரங்களை வைத்து எண்ண முடியாது. கோடீஸ்வர வேட்பாளர் எத்தனை பேர், கிரிமினல் வழக்கு உள்ளவர் எத்தனை பேர் என்று தேர்தல் தோறும் நாங்கள் கார்டு போடுகிறோம். இதற்குக் கார்டு போட விவரமே கிடையாது.

பேச்சும் இருக்கிறது. ‘குருட்டு ஆட்சி’, ‘செவிட்டு அரசு’, ‘நொண்டிச் சாக்கு’. நம் மேடைகளில் இவை வசையே அல்ல, சாதாரண நடை. 2023 டிசம்பரில் தேர்தல் கமிஷன் கட்சிகளுக்கு ஓர் அறிவுரை அனுப்பியது: மாற்றுத்திறனாளிகளை இழிவுபடுத்தும் சொற்களைப் பிரசாரத்தில் பயன்படுத்தாதீர்கள் என்று. அதற்குப் பிறகும் எத்தனை மேடைகளில் கேட்டிருக்கிறேன்! எழுதும்போது நானும் ‘கண்மூடித்தனமாக’ என்று கை போன போக்கில் தட்டியிருக்கிறேன் என்பதால் ரொம்பவும் சத்தம் போட முடியவில்லை.

நியமனம் வந்தது

2025 ஏப்ரல் 16. சட்டசபையில் முதல்வர் மு.க.ஸ்டாலின் இரண்டு மசோதாக்களைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பிலும் மாற்றுத்திறனாளி உறுப்பினர்களை நியமிப்பதற்கான மசோதாக்கள். அதுவரை தமிழ்நாட்டு நகர்ப்புற உள்ளாட்சிகளில் இருந்த மாற்றுத்திறனாளி உறுப்பினர்கள் 35 பேர்தான் என்று அரசே சொன்னது. புதிய சட்டத்தால் நகர்ப்புறத்தில் 650 பேர், கிராம ஊராட்சிகளில் 12,913 பேர், ஊராட்சி ஒன்றியங்களில் 388 பேர், மாவட்ட ஊராட்சிகளில் 37 பேர் வருவார்கள். கூட்டினால் 13,988.

35 எங்கே, 13,988 எங்கே! எப்படிப் பார்த்தாலும் இது பெரிய விஷயம். வார்டு கூட்டத்தில் சாக்கடை மூடியைப் பற்றிப் பேசும்போது, அந்தச் சாக்கடையைச் சக்கர நாற்காலியில் தாண்ட வேண்டிய ஒருவர் அதே அறையில் இருப்பார். அன்றைக்கு அண்ணன் எனக்கு அனுப்பிய வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜில் பின்னணியில் பட்டாசுச் சத்தம் கேட்டது.

ஆனால், சில விஷயங்களைச் சொல்லத்தான் வேண்டும். நியமனம் என்பது யாரோ தேர்ந்தெடுத்துக் கொடுப்பது. நகராட்சி நிர்வாகத்தில் சிறப்பு அனுபவம் உள்ளவர்கள் என்று நியமிக்கப்படுகிறவர்களுக்கு மன்றக் கூட்டத்தில் ஓட்டு இல்லை என்று அரசமைப்புச் சட்டத்தின் 243-ஆர் பிரிவு சொல்கிறது. பேசலாம், தீர்மானத்தின்போது எண்ணிக்கையில் வர முடியாது. கிராமங்களில் இன்னொரு சிக்கல். தேனி உள்ளிட்ட 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியிலேயே முடிந்து, தனி அலுவலர்கள் கைக்கு நிர்வாகம் போய்விட்டது. மன்றம் கூடினால்தானே அதில் உட்கார முடியும்?

உள்ளாட்சிக்கு இது. சட்டசபைக்கு? 234 இடங்களும் தேர்தல்தான். ஆங்கிலோ இந்தியர் ஒருவரை நியமிக்கும் ஏற்பாடு இருந்தது. 2020 ஜனவரியோடு அதுவும் போயிற்று. மேலவை 1986-லேயே கலைக்கப்பட்டுவிட்டது. உகாண்டா நாடாளுமன்றத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே ஐந்து இடங்கள் உண்டு. மலேசிய மேலவையில் மாற்றுத்திறனாளிகளின் பிரதிநிதியாக ஒரு செனட்டரை நியமிக்கும் வழக்கம் இருக்கிறது. சக்கர நாற்காலியில் இயங்கும் பத்மாவதி கிருஷ்ணன் அப்படி இருந்தவர். நமக்கு அந்த வழிகள் எதுவும் இல்லை. கட்சி சீட் கொடுக்க வேண்டும், இல்லை சுயேச்சையாக நிற்க வேண்டும். கேரளாவில் அரசியல் வன்முறையில் இரண்டு கால்களையும் இழந்த சி.சதானந்தன் 2016-ல் கூத்துப்பறம்பில் நின்று தோற்றார். 2025-ல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். ஓட்டில் கிடைக்காதது நியமனத்தில் கிடைத்தது.

“வார்டுல நியமனம் வந்தாச்சே, சட்டசபை எதுக்குண்ணே?” என்று நானும் கேட்டேன். அந்த நிர்வாகி கேட்ட அதே கேள்விதான், கொஞ்சம் மரியாதையாக.

“ஆயிரத்து ஐந்நூறை ரெண்டாயிரமா ஆக்குறது கம்பம் முனிசிபாலிட்டியா?” என்றார்.

வருவாய்த் துறை வழியாக மாற்றுத்திறனாளிக்கு வரும் மாத உதவித்தொகை 2023 ஜனவரியில் ஆயிரத்திலிருந்து 1,500 ஆனது. கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கான பராமரிப்புத் தொகை 2,000. பக்கத்து ஆந்திராவில் 2024-ல் ஆட்சி மாறியதும் மாற்றுத்திறனாளி உதவித்தொகையை 6,000 ஆக்கினார்கள். ‘ஆந்திராவில் கொடுக்கும்போது இங்கே ஏன் முடியாது?’ என்று மாற்றுத்திறனாளிகள் சங்கங்கள் சாலை மறியல் செய்தும் கைதாகியும் கேட்கின்றன. நிதிநிலைமை, கடன், மற்ற திட்டங்கள் என்று அரசுக்கும் பதில் இருக்கலாம். அந்தப் பதிலைச் சபையில் எழுந்து… இல்லை, உட்கார்ந்தபடியே கேட்க ஓர் ஆள் வேண்டும் என்பதுதான் அவர் சொல்வது. 1,500 ரூபாயில் மாதம் ஓட்டுகிறவர்களின் கணக்கை மனப்பாடமாக வைத்திருக்கும் ஆள்.

பஸ்ஸும் அப்படித்தான். தேனியிலிருந்து கம்பத்துக்கு ஓடும் பஸ்களின் படிக்கட்டு உயரத்தைக் கவனித்திருக்கிறீர்களா? என் அம்மாச்சி கம்பியைப் பிடித்து, முட்டியில் கை ஊன்றி, ‘முருகா’ என்று ஏறுவார். எந்த மாதிரி பஸ் வாங்குவது என்பதும் வார்டில் முடிவாவதில்லை.

மாடிப்படி

போன வாரம் அண்ணனைப் பார்க்கப் போயிருந்தேன். வெயில் கொளுத்தியது. ஸ்கூட்டர் நிழலுக்குள் இருந்தது. கால் வைக்கும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் படிவங்கள். 2025 ஜூலையில் நகர்ப்புற நியமனங்களுக்கு விண்ணப்பம் வாங்கினார்கள் அல்லவா, அப்போது அவர் நிரப்பிக் கொடுத்தவற்றின் ஜெராக்ஸ் நகல்கள். எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. பார்வையில்லாத ஓர் ஆசிரியை, காது கேளாத ஒரு தையல்காரர், விபத்தில் கை போன ஒரு திராட்சைத் தோட்டத் தொழிலாளி. எல்லோருக்கும் இவர் கையெழுத்து.

“இதுல உங்களது எதுண்ணே?”

“நான் போடலைம்மா.”

“ஏன்?”

கொஞ்ச நேரம் பதில் சொல்லவில்லை. ஒரு அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிள்ளைக்கு ஏழெட்டு வயது இருக்கும், தலை நிற்கவில்லை. அடையாள அட்டை விண்ணப்பம். அண்ணன் பேனாவை எடுத்து, பெயர், பிறந்த தேதி, எந்த ஆஸ்பத்திரி சர்ட்டிஃபிகேட் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். எழுதி முடித்து, அந்த அம்மா நீட்டிய இருபது ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

“ரெண்டு பேரு உக்கார்ற சீட்டுல ஒருத்தன் துண்டப் போட்டு வச்சா, இன்னொருத்தரு எங்க உக்காருவாரு? அவங்க அங்கிட்டு உக்காரட்டும். நான் நிக்கப் போறேன்ல.”

விருப்ப மனு வாங்க மறுபடியும் அந்த ஆபீஸுக்குப் போகிறாராம். இந்த முறை யாரையும் இறங்கி வரச் சொல்லப்போவதில்லை. மாடிக்குப் பதினெட்டுப் படி. கையை ஊன்றி ஏறினால் கால் மணி நேரம் ஆகும் என்றார். என்ன கிழமை என்று கேட்டு, காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன்.